தாம்பாளம் தூக்கிப் போய் வேன் கேட்ட கதை

மடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வாழைப்பழம், ஆப்பிள், சாத்துக்குடி, தேங்காய், வெற்றிலை பாக்கு, நிலக்கோட்டை மல்லிகைப்பூ. வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆப்பிள்கள் தாம்பாளத்தை விட்டுக் கிளம்பப் பார்த்தன. ஒரு கையால் ஆப்பிள்களையும் மறு கையால் வேன் கதவையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைப் பிடிக்காவிட்டால் எங்களுக்கு முன்னால் அது இறங்கிவிடும்.

வேடசந்தூரிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை. ராகு காலம் வருவதற்குள் அந்த வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் போட்ட கணக்கு. அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் ராகு காலம், எமகண்டம், சூலம் மூன்றும் எங்கள் மையத்தில் அவருக்குத்தான் மனப்பாடம்.

"செத்த வெரசா போங்கண்ணே," என்றாள் என் பக்கத்தில் இருந்த செல்வி.

"வண்டிகிட்டச் சொல்லு தாயி. நான் எப்பவோ மிதிச்சுட்டேன்."

செல்வி எங்கள் பிசியோதெரபிஸ்ட். எப்போதும் சுடிதாரும் கலைந்த தலையுமாக இருப்பவள் அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். நான்தான் கட்டச் சொன்னேன்.

முன்சீட்டில் என் வீட்டுக்காரர். கஞ்சி போட்ட வேட்டி சட்டை கசங்கிவிடும் என்று அசையாமல் இருந்தார். அவருக்கும் மையத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். நல்ல விஷயத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதற்காக நாலாவது ஆளாக அவரைக் கிளப்பி வந்திருந்தேன்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மூன்று பேர், முப்பது வேலை

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கை கால் இறுக்கத்தோடு பிறந்த பிள்ளைகள் காலையில் வந்து, பயிற்சி செய்து, படித்து, சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பும் சின்ன மையம் எங்களுடையது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள். பெற்றோரில் பாதிப் பேர் நூல் மில்லில் வேலை பார்ப்பவர்கள்.

சம்பளத்துக்கு இருப்பது மூன்று பேர். நான், செல்வி, ஆரோக்கியம் அண்ணன். நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததால் எல்லாருக்கும் டீச்சர். வெளியில் கொடுக்கும் அட்டையில் இயக்குநர் என்று போட்டிருக்கும். மழை பெய்தால் மொட்டை மாடி ஓட்டையில் சாக்கைத் திணிப்பதும் இயக்குநர்தான்.

போன வாரம் மையம் தொடங்கிய கதையைப் படித்துவிட்டு வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "இம்புட்டுக்கும் பணம் எங்கேயிருந்து வருது டீச்சர்?" என்று கேட்டார். அதைத்தான் நாங்களும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன்.

எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடுப்பார்கள். கொடுப்பதில் ஒரு முறை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பிறந்தநாள் என்றால் மதியச் சாப்பாடு போடுவார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டுப் பிறந்தநாள் வந்து மூன்று அண்டா கேசரி வந்து இறங்கியதும் உண்டு. மறுநாள் யாரும் பிறந்திருக்க மாட்டார்கள், ரசத்துக்குப் புளி தேடுவோம்.

டியூப் லைட் தருவார்கள். அதன் மேல் உபயம் என்று தொடங்கி அப்பா பெயர், தாத்தா பெயர், கடைப் பெயர் எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் பயிற்சி அறையில் இருக்கும் ஒரு லைட்டில் எழுத்துக்கு நடுவில் மிச்சமிருக்கும் இடத்திலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. சுவர்க் கடிகாரங்களும் நிறைய உண்டு. ஒவ்வொன்றும் அதைக் கொடுத்தவரின் குணப்படி ஒரு நேரம் காட்டும்.

சோறு போட்டால் புண்ணியம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். டீசல் போட்டால் புண்ணியம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுதான் எங்கள் கஷ்டம்.

முத்துவின் கட்டை விரல்

எங்கள் வேனை ஒரு பள்ளிக்கூடம் ஓட்டிக் கழித்து, பிறகு எங்களுக்குத் தந்தது. நாங்கள் வாங்கியபோதே அதற்குப் பேரன் பேத்தி எடுக்கும் வயது. கதவு கயிற்றில் நின்றது. காலையில் அது கிளம்ப வேண்டுமென்றால் நானும் செல்வியும் பின்னால் நின்று தள்ள வேண்டும். சில ஊர்களில் பிள்ளையை ஏற்றிவிட்டதும் அம்மாக்களே பழக்கத்தில் பின்னால் போய் நின்றுவிடுவார்கள்.

அந்த வருஷம் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "இந்தத் தடவ எஃப்.சி. எடுக்க முடியாது டீச்சர். கொண்டுபோய் நிறுத்துனா அங்கேயே பிடிச்சு வச்சுக்குவாங்க." எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்தால் வேன் ரோட்டில் இறங்க முடியாது. வேன் இல்லாவிட்டால் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் வர முடியாது.

அதில் ஒருத்தி முத்துலட்சுமி. ஒன்பது வயது. எங்களிடம் வருகிற வரைக்கும் அவள் வீட்டுக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அம்மாவை மில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா இடையில் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார். அவள் கைகள் இரண்டும் இறுக மூடியிருக்கும், கட்டை விரல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்.

செல்வி அந்தக் கையோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். முதலில் கட்டை விரல் வெளியே வந்தது. பிறகு ஸ்பூனைப் பிடித்தாள். பிடித்ததை விடுவதுதான் அவளுக்குப் பெரிய வேலை. ஸ்பூனைத் தட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "விடு முத்து, விடு," என்று செல்வி சொல்ல, முத்து முகமெல்லாம் சிவக்க முயற்சி செய்வாள். விரல்கள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துத் திறக்கும். தட்டில் ஸ்பூன் விழும் சத்தம் கேட்டதும் அவள் சிரிக்கிற சிரிப்பு பக்கத்து அறை வரைக்கும் வரும்.

பயிற்சி கொஞ்ச காலம் நின்றாலும் அந்தக் கை மறுபடி மூடிக்கொள்ளும். அதனால் எங்களுக்கு வேன் வேண்டும். கயிறு கட்டிய இன்னொரு வேன் இல்லை, ஒரு நல்ல வேன்.

வகுப்பில் சொன்னதும் எங்களுக்கு விளங்கியதும்

பிறந்தநாள் சாப்பாட்டிலிருந்து சேமித்து வேன் வாங்க முடியாது. அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டரில் ஓர் இலவசப் பயிற்சி வகுப்பு பார்த்தேன். ஆள் பலம் இல்லாத சின்ன அமைப்புகள் பெரிய கொடை திரட்டுவது எப்படி என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

நல்ல மனிதர். நூறு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு அலைவதைவிட, ஏற்கெனவே உங்கள் மேல் பிரியமாக இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பெரிதாகக் கேளுங்கள் என்றார். கொடையாளரைத் தேட ஒருவர், பழக ஒருவர், கேட்க ஒருவர், நன்றி சொல்ல ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். நாலு பேரும் இதற்குக் கிளம்பிவிட்டால் பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று எழுதிக் கேட்டேன். ஒரு சிரிக்கிற முகப் படத்தைப் பதிலாக அனுப்பினார்.

இன்னொன்றும் சொன்னார். "தொகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்துப் பேச வேண்டியவர் அவர். எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்கள் பேசாதீர்கள்." இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியாக, வெறுங்கையோடு போகாமல் பிள்ளைகள் செய்த சின்ன நினைவுப் பொருள் ஒன்றைக் கொண்டுபோங்கள் என்றார். பிள்ளைகள் உள்ளங்கையில் சாயம் பூசிப் பதித்த வாழ்த்து அட்டை ஒன்று தயாரானது. அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

"வெறும் அட்டையவா நீட்டுறது? பெரிய வீடு டீச்சர். பழம் வாங்கிக்கிருவோம்," என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

"பழத்தக் கவர்லயா கொண்டுபோறது? தாம்பாளத்துல வச்சா மரியாதையா இருக்கும்," என்றேன் நான்.

"தாம்பாளம்னா வெத்தல பாக்கு வேணும்ல. பூ இல்லாம எப்படி?" என்றாள் செல்வி.

இப்படி ஆளுக்கொன்றாகச் சேர்த்ததில் அட்டை பழங்களுக்கு அடியில் போய்விட்டது. பிறகு நல்ல நாள் பார்த்தோம். மூன்று பேராகப் போகக் கூடாது என்று வீட்டுக்காரரைச் சேர்த்தோம். அழுக்குச் சுடிதாரில் வராதே என்று செல்விக்குப் பட்டுப்புடவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பாத்துருவோம்மா

நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஈஸ்வரியம்மாள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். கணவர் போன பிறகு மகனோடு சேர்ந்து அவரே மண்டியை நடத்துகிறார். வாரத்துக்கு ஒரு மூட்டை காய் எங்களுக்கு லாரியில் வந்து இறங்கும். முருங்கை சீசன் வந்தால் வாரக்கணக்கில் முருங்கைக்காய் மட்டும்தான் வரும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் அந்த வெஞ்சனத்தைப் பார்த்தாலே எங்கள் பிள்ளைகளுக்கு அழுகை வரும்.

அவரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. மூட்டை வந்ததும் போனில் நன்றி சொல்வேன். அவர் பிள்ளைகளை விசாரிப்பார். பேச்சு முடியும்போது தவறாமல் ஒன்று சொல்வார்.

"என்ர பையனுக்கு ஒரு பொண்ணு பாருங்க டீச்சர். உங்களுக்கு நாலு எடம் தெரிஞ்சிருக்குமுங்க."

"பாத்துருவோம்மா," என்பேன்.

ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற பதில்தானே. சொல்லி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். விவசாயம், மண்டி என்று இருக்கும் பையன்களுக்கு இப்போது பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் போன் செய்து, "வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல வீட்டுக்கு வாரோம்மா," என்று நான் சொன்னபோது, "வீட்டுக்குங்களா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

கேசரி

வாசலில் பெரிய கோலம். எங்களுக்காகவா என்று பூரித்துப்போனேன். வகுப்பில் சொன்ன உறவு வளர்த்தல் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்வரியம்மாள் படி இறங்கி வந்து இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவருடைய தங்கை வந்து செல்வியின் கையைப் பிடித்து, "உள்ள வா கண்ணு," என்று தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஆரோக்கியம் அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். வேன் கேட்டருகே வந்ததும் ஒரு தரம் இருமி, கீழே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது.

கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. காபி வந்தது. நெய் மணம் கூடமெல்லாம் நிறைந்திருந்தது.

"பூர்வீகம் எந்த ஊருங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார் ஈஸ்வரியம்மாள். சொன்னார். குலதெய்வம் எது என்று கேட்டார். அதையும் சொன்னார். கொடையாளரும் உங்களைப் பற்றி விசாரிப்பார், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் நானும் ஆர்வமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"புள்ள என்னங்க சம்பளம் வாங்குது?" என்று செல்வியைக் காட்டிக் கேட்டார்.

"சம்பளம் கம்மிதான்மா. ஆனா மனசு தங்கம்."

"சமைக்குமுங்களா?"

"சமைப்பா, கணக்கு எழுதுவா, தண்ணி மோட்டாரக் கழட்டி மாட்டுவா. பாத்ரூம் வரைக்கும் அவதான் கழுவுவா," என்றேன். ஆள் குறைவாக இருந்தும் நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று அவருக்குப் புரிய வேண்டாமா. தங்கை செல்வியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். செல்வி என் காலை மிதித்தாள். காபி சிந்திவிடப் போகிறது என்று நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

அப்போது பின்பக்கமாக ஒருவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கூச்ச சுபாவம் என்று நிற்பதிலேயே தெரிந்தது. போட்டிருந்த புதுச் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை.

"தண்டபாணி, என்ன சாமி இது," என்று ஈஸ்வரியம்மாள் பதறினார். "நேத்துத்தான எடுத்த சட்டை."

"வந்தவங்க வண்டி எண்ணெய் ஊத்துச்சுங்கம்மா. கீழ படுத்துப் பாத்தேன்," என்றார் மகன். பிறகு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். செல்வி இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஈஸ்வரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பையனப் பாத்துக்குங்க டீச்சர். இவன் எப்பவும் இப்படித்தானுங்க. ரெண்டு பேரும் தனியாப் பேசோணும்னா தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசட்டுமுங்க."

கையிலிருந்த கேசரியைக் கீழே வைத்துவிட்டேன். தாம்பாளம், பூ, பட்டுப்புடவை, வேட்டி, வெள்ளிக்கிழமை, நாலு பேர் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து கண்ணுக்குத் தெரிந்தன. செல்விக்கோ வத்தலக்குண்டில் மாப்பிள்ளை பேசி முடித்து ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

நாலு டயர்

"அம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றேன். "நாங்க பொண்ணு விஷயமா வரலை. மையத்துக்கு ஒரு உதவி கேட்டு வந்தோம்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கொடுமை.

"என்ன உதவிங்க?" என்று கேட்டார்.

வேன் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் ஒரு தாயை இப்படி ஏமாற்றிவிட்டு அவரிடமே எந்த வாயால் வேன் கேட்பது?

"நாலு டயர்," என்றேன்.

வாசலில் நின்ற ஆரோக்கியம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார், வேட்டி கசங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

தண்டபாணிதான் பேசினார். "அந்த வண்டிக்கு டயர் போட்டு ஒண்ணும் ஆகாதுங்க. அடித்தகடு துருப்பிடிச்சு ரோடு தெரியுது. அதுல புள்ளைங்களை ஏத்தாதீங்க."

"ஏத்தலைன்னா முத்து வர முடியாதுங்க," என்றாள் செல்வி. பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு, தங்கையின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, அவள் முத்துவின் கட்டை விரலைப் பற்றிச் சொன்னாள். கட்டிலைப் பற்றி, மில் பஸ்ஸைப் பற்றி, ஸ்பூன் விழுகிற சத்தத்தைப் பற்றி. "டீச்சருக்குக் கேக்க வெக்கமா இருக்கு. நான் கேக்குறேம்மா. எங்களுக்கு ஒரு புது வேன் வேணும்," என்றாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டாள். வகுப்பைப் பார்த்தவள் நான், பாடம் ஏறியது அவளுக்கு.

சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. ஈஸ்வரியம்மாள் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது பேசிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"காபி நல்லா இருந்துச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வீட்டில் ஊரையும் குலதெய்வத்தையும் தவிர அவர் பேசியது அதுதான். அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

ஈஸ்வரியம்மாள் என் பக்கம் திரும்பினார். "எத்தன வீட்டுக்கு நாங்க தட்டு தூக்கியிருக்கோம்னு எனக்கே நெனவில்லீங்க டீச்சர். ஒரு வீட்டுல தண்ணி குடிக்கிறீங்களான்னுகூடக் கேக்கல. இன்னைக்கு என்ர வீட்டுக்கு ஒரு தட்டு வந்துச்சேன்னு..." மேலே சொல்லாமல் நிறுத்தினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தேன். குறைந்தபட்சம் அந்தத் தாம்பாளத்தையாவது அவர் கண்ணிலிருந்து அப்புறப்படுத்தலாம் என்று சாமி படத்தின் பக்கம் போனேன்.

"தட்டத் தொடாதீங்க," என்றார். "சாமி முன்னால வெச்சாச்சு. வந்த தட்ட வெறுமனே அனுப்பற வீடு இல்லீங்க இது. நான் யோசிச்சு அனுப்பறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இத்தாம் பெரிய தட்டத் தூக்கிட்டு வந்து டயர் கேக்கறீங்களே டீச்சர்," என்றார். கோபமா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

வேன் கிளம்பவில்லை. தண்டபாணி அதே சட்டையோடு வந்து, மண்டிச் சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, ரோடு வரைக்கும் தள்ளிவிட்டார்.

தாம்பாளமும் போச்சு

அதற்குப் பிறகு ஒட்டன்சத்திரத்திலிருந்து பேச்சு மூச்சில்லை. வார மூட்டை மட்டும் வந்தது, முருங்கைக்காய். நான் நன்றி சொல்லப் போன் செய்தால் மண்டிக் கணக்குப்பிள்ளை எடுத்து, "அம்மா வெளிய போயிருக்காங்க," என்பார்.

எஃப்.சி. முடிந்தது. வேன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது, அதன் மேல் கோழி ஏறி உட்காரத் தொடங்கியது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூரத்துப் பிள்ளைகள் வரவில்லை. செல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து முத்து வீட்டுக்குப் போய்வந்தாள். மூன்றாவது தடவை போய்விட்டு வந்து பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"கட்டை விரல் உள்ள போக ஆரம்பிச்சுருச்சு டீச்சர்."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு டயர் என்று சொன்ன என் வாயை நானே திட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "அந்தத் தாம்பாளம் எங்க அம்மாவோடது," என்று தினமும் ஒரு தரம் சொன்னார். ஆரோக்கியம் அண்ணனும் விடவில்லை. "வேனும் இல்ல, தட்டும் போச்சு. ராகு காலத்துலயே போயிருக்கலாம்," என்றார்.

ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. ஈஸ்வரியம்மாள்தான்.

"நாளைக்குக் காலைல வாரமுங்க. அந்தக் கட்டை விரல் புள்ளையையும் வரச் சொல்லுங்க," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வந்த நாலு பேர்

முத்துவின் அம்மா ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரரும் தாம்பாளத்தின் கதி தெரிய வேண்டும் என்று வந்திருந்தார்.

முதலில் ஒரு கார் வந்தது. ஈஸ்வரியம்மாள், தங்கை, தங்கையின் கணவர் இறங்கினார்கள். ஈஸ்வரியம்மாள் கையில் எங்கள் தாம்பாளம். புளி போட்டுத் துலக்கி வெயிலில் பளபளத்தது. பழம், பூ, தேங்காய், வெற்றிலை எல்லாம் இருந்தன.

செல்வி என் காதருகே வந்தாள். "எதுக்கு வந்திருக்காங்கன்னு இந்தத் தடவ முதல்லயே கேட்டுருங்க டீச்சர்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. காருக்குப் பின்னால் ஒரு வேன் திரும்பியது. புத்தம் புது மஞ்சள் வேன். தண்டபாணி ஓட்டி வந்து வேப்பமரத்தருகே, கோழி உட்கார்ந்திருந்த எங்கள் கிழட்டு வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். படி தாழ்வாக இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பிள்ளையைச் சேர்த்துக் கட்டும் பெல்ட் போட்டிருந்தார்.

கண்ணாடி முழுக்க உபயம் எழுதியிருக்குமே என்று முன்னால் போய்ப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை.

"எங்க வீட்டுக்காரர் பேரு ரொம்ப நீளமுங்க," என்றார் ஈஸ்வரியம்மாள். "எழுதினா டிரைவருக்கு ரோடு தெரியாது."

பிறகு என்னைத் தனியாக இழுத்து, "ஆனா பொண்ணு பாக்கற வேலைய நீங்க உடக் கூடாது டீச்சர். இனிமே சும்மா சொல்றதில்லீங்க," என்றார். அன்றிலிருந்து என் பையில் மையத்தின் ஆண்டறிக்கையோடு தண்டபாணியின் ஜாதகமும் இருக்கிறது. கொடையாளரோடு உறவைக் காப்பாற்றுவது பற்றி வகுப்பில் சொன்னதில் இது இல்லை. வாசகர்கள் வீட்டில் நல்ல பெண் இருந்தால் எனக்குச் சொல்லலாம். எண்ணெய்க் கறையைப் பொருட்படுத்தாத பெண்ணாக இருந்தால் நல்லது.

ஈஸ்வரியம்மாள் முத்து உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். தாம்பாளத்திலிருந்து பூவை எடுத்து அவள் தலையில் வைத்தார். வெற்றிலை மேல் வேன் சாவி இருந்தது. அதை எடுத்து, நாலைந்து வாரமாக இறுகிக்கொண்டிருந்த அந்தக் கையில் வைத்தார். கை சாவியை மூடிக்கொண்டது.

"நல்ல நேரம் முடியப் போகுது டீச்சர்," என்றார் ஆரோக்கியம் அண்ணன். "முத்து, மாமாட்டக் குடு தாயி."

முத்து கொடுக்க வேண்டும் என்றுதான் பார்த்தாள். முகம் சிவந்தது. விரல்கள் அசையவில்லை. தண்டபாணி சட்டைப் பையில் கை விட்டார், இன்னொரு சாவி வைத்திருந்தார் போலிருக்கிறது. ஈஸ்வரியம்மாள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பழத்தையும் வெற்றிலையையும் எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வெறும் தாம்பாளத்தை முத்துவின் கைக்குக் கீழே பிடித்தார்.

"விடு முத்து," என்றாள் செல்வி. "விடு."

எல்லாரும் நின்றோம். ராகு காலம் வந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆரோக்கியம் அண்ணனும் வாட்ச்சைப் பார்க்கவில்லை. முதலில் சுண்டு விரல் திறந்தது. பிறகு அடுத்தது. கட்டை விரல்தான் கடைசி வரைக்கும் பிடிவாதம் பிடித்தது. பிறகு அதுவும் விட்டது.

சாவி பித்தளையில் விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். முத்து அண்ணாந்து சிரித்தாள். அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தட்டு நெறைஞ்சுதுங்க," என்று ஈஸ்வரியம்மாள் யாருக்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

செல்வி முத்துவைத் தூக்கி முன்சீட்டில் வைத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டு இறங்கினாள். ஆரோக்கியம் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். ஒரே திருகு. வேன் கிளம்பி நகர்ந்து போய்விட்டது.

அப்போதுதான் ஈஸ்வரியம்மாளும் தண்டபாணியும் எங்களைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. நானும், செல்வியும், முத்துவின் அம்மாவும், கஞ்சி போட்ட வேட்டியோடு என் வீட்டுக்காரரும் வேனுக்குப் பின்னால் போய் வரிசையாக, தள்ளுவதற்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.